எதிரெதிர்த் தரப்பினர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

கேள்வி இதுதான்: மதம், மொழி, இனம் என்று ஆழமாகப் பிளந்து கிடக்கும் சமூகத்தில், சர்ச்சைக்குரிய அரசியல் விவகாரங்களைச் சாதாரண மக்களிடமே கொடுத்துப் பேசவைக்க முடியுமா? எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதையாகிவிடாதா? அயர்லாந்தில் இது நன்றாக நடந்தது என்கிறார்களே, அதை அப்படியே மற்ற இடங்களுக்கும் எடுத்துப் போகலாமா?

முடியும் என்பதுதான் என் பதில். பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்தியும், மற்றவர்கள் நடத்தியதைத் தேடிப் படித்தும் வருகிறேன். அதில் நான் கண்டது, பலரும் தவறான பலனை எதிர்பார்த்துத்தான் இதில் இறங்குகிறார்கள். மக்கள் மனம் மாறி ஒரே கருத்துக்கு வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். அது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு: எதிர்த்தரப்பு ஆளும் நியாயம் சொன்னால் காதுகொடுத்துக் கேட்பவர்தான் என்ற எண்ணம் முதல் தடவையாக உண்டாகிறது. கருத்து வேறுபாடு அப்படியே இருக்கும். ஆனால் அந்த எண்ணம் வந்துவிட்டால் பேரம் பேசலாம், விட்டுக்கொடுக்கலாம், இன்று தோற்றாலும் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போகலாம். அது வராதவரை எந்த ஒப்பந்தமும் வெறும் காகிதம்.

அயர்லாந்தை முதலில் பேசி முடித்துவிடுகிறேன், எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 2016இல் அங்கே குலுக்கல் முறையில் 99 குடிமக்களைத் தேர்ந்தெடுத்து, உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாயைத் தலைவராக வைத்துக் குடிமக்கள் பேரவை ஒன்றை அமைத்தார்கள். கருக்கலைப்பு பற்றி ஐந்து வார இறுதிகள் உட்கார்ந்து பேசினார்கள். மருத்துவர்கள், சட்ட வல்லுநர்கள், இரு தரப்பு இயக்கங்கள் எல்லோரையும் கேட்டார்கள். காரணம் கேட்காமலே அனுமதிக்கலாம் என்று 64 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2018 மே 25ஆம் தேதி நாடு முழுவதும் நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் தடையை நீக்கச் சொன்னார்கள். பேரவையில் வந்த முடிவும் நாட்டின் முடிவும் கிட்டத்தட்ட ஒன்றே. நல்ல முன்னுதாரணம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அது கேள்வியில் சொன்ன மாதிரிச் சமூகம் இல்லை. கருக்கலைப்பு விஷயத்தில் ஒரே வீட்டில் பாட்டி ஒரு பக்கம், பேத்தி ஒரு பக்கம் இருக்கலாம். இன்று எதிரே நிற்பவர் நாளை வரி விவகாரத்தில் நம் பக்கம் நிற்பார். ஆழமாகப் பிளவுபட்ட இடம் அப்படி இருக்காது. நீங்கள் எந்தப் பள்ளிக்குப் போவீர்கள், எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள், யாரைக் கட்டிக்கொள்வீர்கள், எந்தக் கல்லறையில் புதைக்கப்படுவீர்கள் என்பதெல்லாம் பிறந்தபோதே தீர்மானமாகிவிடுகிறது. அங்கே ஒரு வாக்கெடுப்பில் தோற்றால், இனி எப்போதும் தோற்றுக்கொண்டேதான் இருப்போம் என்ற பயம் வருகிறது. அந்தப் பயம் ஆதாரமில்லாததும் இல்லை.

எனவே அயர்லாந்துக் குடியரசை விட்டு, எல்லையைத் தாண்டி வட அயர்லாந்துக்குப் போவோம். அங்கே ஓமா என்றொரு ஊர். 1998 ஆகஸ்ட் 15ஆம் தேதி வெடித்த கார் குண்டில் 29 பேர் இறந்த ஊர். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட்டுகளுக்கும் இடையே பல ஆண்டுகள் நடந்த மோதலை நிறுத்தவந்த புனித வெள்ளி உடன்படிக்கை அதற்கு நான்கு மாதம் முன்புதான் கையெழுத்தாகியிருந்தது. வட அயர்லாந்தில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் தங்கள் தரப்புப் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளிகளுக்குத்தான் போகிறார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததால், பள்ளிகள் ஒன்றோடொன்று கைகோத்தால்தான் சமாளிக்க முடியும் என்ற நிலை வந்தது. கத்தோலிக்கப் பள்ளியும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் ஆய்வகத்தையோ ஆசிரியரையோ பகிர்ந்துகொள்ளலாமா?

2007 ஜனவரியில், ஜேம்ஸ் ஃபிஷ்கின், ராபர்ட் லஸ்கின், இயன் ஓஃபிளின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஓமா பகுதிப் பெற்றோர்களைச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்து ஒரு நாள் முழுக்க இதைப் பேசவைத்தார்கள். இரு தரப்பும் கலந்த சிறு குழுக்கள், கையில் நடுநிலையான குறிப்பேடு, வல்லுநர்களிடம் கேள்வி கேட்க நேரம். பேச்சுக்கு முன்பும் பின்பும் ஒரே கேள்விகள். பள்ளிகள் சேர்ந்து செயல்படுவதற்கு ஆதரவு கூடியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. "மற்ற சமூகத்தார் நியாயத்தைக் கேட்கக்கூடியவர்கள்", "நம்பத்தக்கவர்கள்" என்று சொன்னவர்களின் அளவு இரு பக்கமும் உயர்ந்தது. பல ஆண்டுகள் ரத்தம் சிந்திய இடத்தில் ஒரே நாளில் இவ்வளவு நகர்ந்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த நகர்வு எப்படி நடக்கிறது? நான் நெறியாளராக இருந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். ஊரையும் தரப்புகளையும் சொல்லப்போவதில்லை, அது யாருக்கும் நல்லதில்லை. பேசவந்த விஷயம் ஒரு பேருந்து நிறுத்தம். யார் தெருமுனையில் வைப்பது என்பதுதான் சண்டை. எட்டுப் பேர் மேசை. முதல் ஒரு மணி நேரமும் "உங்க ஆளுங்க", "எங்க ஆளுங்க" என்றேதான் பேச்சு போனது. ஒரு பெரியவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் தெருவில்தான் நிறுத்தம் வரவேண்டும், அங்கேதான் சாலை அகலம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எதிர்த்தரப்பிலிருந்து ஒரு பெண், குரலை உயர்த்தாமல், "அகலம் சரிதாங்கய்யா. ஆனா எங்க பொண்ணுங்க ஆறு மணிக்கு மேல அந்த வழியா வரப் பயப்படுதுங்க" என்றார்.

பெரியவர் கட்டியிருந்த கையை எடுத்தார். "எங்க தெருவுக்கா? எங்களைப் பார்த்தா பயப்படுதுங்க?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. அத்தனை வருடமும் பயப்படுபவர்கள் தாங்கள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அதற்குப் பிறகும் அவர் தன் தெருவுக்காகத்தான் வாதாடினார். ஆனால் விளக்குக் கம்பம் எங்கே போடுவது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்ற பேச்சை முதலில் எடுத்தவரும் அவர்தான்.

சுவிஸ் அரசியல் அறிஞர் யுர்க் ஸ்டைனரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட கணங்களைத்தான் தேடிப் போனார்கள். கொலம்பியாவில் முன்னாள் கெரில்லாக்களையும் அவர்களை எதிர்த்துச் சண்டையிட்ட துணை ராணுவக் குழுக்களின் முன்னாள் ஆட்களையும், பொஸ்னியாவில் போரின்போது படுகொலை நடந்த ஸ்ரெப்ரெனிட்சாவின் செர்பியர்களையும் முஸ்லிம்களையும் ஒன்றாக உட்காரவைத்து, அமைதிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு, நெறியாளர் குறுக்கிடாமல் பேச்சைப் பதிவு செய்தார்கள். எந்தப் பேச்சில் உரையாடல் மேலே ஏறுகிறது, எதில் கீழே விழுகிறது என்று வரி வரியாகப் பார்த்தார்கள். பேசும் விஷயத்தோடு ஒட்டிய சொந்த அனுபவம் ஒன்று சரியான நேரத்தில் வந்தால், தர்க்கத்தால் முடியாததை அது செய்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. மேடையில் கட்சித் தலைவர்கள் மோதும் விவாதத்தில் இது நடக்காது. அங்கே பேசுபவர் எதிரே இருப்பவரிடம் பேசுவதே இல்லை, பின்னால் நிற்கும் தன் ஆட்களிடம் பேசுகிறார்.

நெருப்பில் எண்ணெய் என்ற பயத்துக்கு வருகிறேன். அது வீண் பயமில்லை. 2005இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். தாராளவாதிகள் நிறைந்த போல்டர் ஊர்க்காரர்களை ஒரு பக்கமும், பழமைவாதிகள் நிறைந்த கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊர்க்காரர்களை இன்னொரு பக்கமும் தனித்தனியாகப் பேசவைத்தார்கள். பேசி முடித்தபோது இவர்கள் இன்னும் இடப்பக்கம், அவர்கள் இன்னும் வலப்பக்கம். ஆக, பேச்சு ஆபத்தாக மாறுவது ஒரே கருத்துள்ளவர்கள் தங்களுக்குள்ளேயே பேசும்போது. அது கூட்டமே போடாவிட்டாலும் வீட்டிலும் தேநீர் மேசையிலும் கைபேசியிலும் தினமும் நடக்கிறது. கலந்து உட்காரவைத்து, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தகவலைக் கையில் கொடுத்து, நெறியாளரையும் வைத்தால் போக்கு மாறுகிறது. பெல்ஜியத்தில் டச்சு மொழியினரையும் பிரெஞ்சு மொழியினரையும் வைத்து டிடியே கலுவார்ட்ஸும் கிரிஸ் டெஸ்ஹௌவரும் செய்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சாதாரணப் பெரும்பான்மை போதாது, அதைவிடக் கூடுதல் ஆதரவு வேண்டும் என்று விதி வைத்தால் பேச்சின் தரம் கூடுகிறது. காரணம் எளிது. நூறில் 51 பேர் போதுமென்றால் எதிர்த்தரப்பு உங்களுக்குத் தேவையே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமென்றால் அவர்களை இணங்கவைத்தே ஆகவேண்டும்.

எதைப் பேசக் கொடுக்கிறோம் என்பதுதான் இதில் மிகவும் கஷ்டமான வேலை. பெல்ஜியத்தில் 2010 தேர்தலுக்குப் பிறகு 541 நாட்கள் அரசாங்கமே அமையவில்லை. டச்சு, பிரெஞ்சு மொழிக் கட்சிகளால் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. அந்த நேரத்தில், 2011 நவம்பர் 11ஆம் தேதி, ஜி1000 என்ற பெயரில் சாதாரண மக்களே பிரஸ்ஸல்ஸில் கூடினார்கள். ஆயிரம் பேரை எதிர்பார்த்து 704 பேர் வந்தார்கள். எதைப் பேசலாம் என்று முன்கூட்டியே பொதுமக்களிடம் கேட்டபோது மேலே வந்தவை சமூகப் பாதுகாப்பு, செல்வப் பகிர்வு, குடியேற்றம். நாட்டையே முடக்கிப் போட்ட மொழி எல்லை விவகாரம் அந்த மூன்றில் இல்லை! தலைவர்கள் எதற்காகச் சண்டையிடுகிறார்களோ அதுவேதான் மக்களின் முதல் கவலையும் என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

பொஸ்னியாவின் மோஸ்தார் நகரம் இன்னும் மோசமான நிலையில் இருந்தது. குரோவாசியக் கட்சிகளும் பொஸ்னிய முஸ்லிம் கட்சிகளும் தேர்தல் விதியில் உடன்படாததால் 2008க்குப் பிறகு 2020 டிசம்பர் வரை அங்கே நகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஒரு குடிமகள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் வென்ற பிறகுதான் நடந்தது. அடுத்த ஆண்டு அங்கே குலுக்கல் முறையில் குடிமக்கள் பேரவை கூடியது. நகர மக்கள் அதற்குத் தேர்ந்தெடுத்த தலைப்பு நகரத் தூய்மையும் பொது இடங்களின் பராமரிப்பும். போர் நடந்த ஊரில் குப்பையைப் பற்றியா பேசுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் சுளிக்க மாட்டேன். சைப்ரஸில் கிரேக்கப் பகுதி, துருக்கியப் பகுதி என்று பிளந்து கிடந்த நிக்கோசியா நகரத்தில், 1970களின் கடைசியில் இரு பக்கத்து மேயர்களும், லெல்லோஸ் டிமிட்ரியாடிஸும் முஸ்தபா அக்கிஞ்சியும், முதலில் ஒன்றுசேர்ந்தது கழிவுநீர்க் குழாய்க்காகத்தான். சாக்கடைக்கு எல்லைக்கோடு தெரியாது.

ஆனால் காலம் முழுக்கக் குப்பையும் குழாயும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், உண்மையான பிரச்சினையை மூடிமறைக்கிறார்கள் என்ற சந்தேகம் எழும். அது நியாயமான சந்தேகம். பெரிய கேள்விகளையும் எடுக்கலாம். கேட்கும் விதம்தான் முக்கியம். 2019 மார்ச்சில் பெல்ஃபாஸ்டில் ஆய்வாளர்கள் சுமார் 50 பேரை ஒரு நாள் கூட்டி அயர்லாந்து ஒன்றிணைப்பு, அதாவது பிரிட்டனின் கீழுள்ள வட அயர்லாந்து அயர்லாந்துக் குடியரசோடு சேர்வது பற்றியே பேசவைத்தார்கள். வட அயர்லாந்தில் இதைவிடச் சூடான விஷயம் கிடையாது. ஆனால் "வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்கவில்லை. "ஒருவேளை அப்படி நடந்தால் எந்த வடிவத்தில் இருக்கவேண்டும், பெல்ஃபாஸ்டில் தனிச் சட்டமன்றம் தொடரவேண்டுமா, இல்லை முழுமையாக இணைந்த ஒரே அரசா" என்று கேட்டார்கள். ஒன்றிணைப்பை விரும்பாதவரும் தன் கொள்கையை விட்டுக்கொடுக்காமல் பேசக்கூடிய கேள்வி அது. கூட்டத்தில் அடிதடி எதுவும் இல்லை. நாள் முடிவில் பங்கேற்றவர்கள் முழுமையாக இணைந்த வடிவத்தின் பக்கம் சாய்ந்தார்கள். விவரம் தெரிந்த பிறகு மக்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

மக்களை உட்காரவைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கவேண்டும். சைப்ரஸை ஒன்றுசேர்க்க ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் பெயரில் வந்த அன்னான் திட்டம் ஆயிரக்கணக்கான பக்கங்களில், மூடிய கதவுக்குள் எழுதப்பட்டது. 2004 ஏப்ரல் 24ஆம் தேதி மக்களிடம் ஆம், இல்லை என்று கேட்டபோது துருக்கிய சைப்ரஸினர் 65 சதவீதம் ஆம் என்றார்கள், கிரேக்க சைப்ரஸினர் 76 சதவீதம் இல்லை என்றார்கள். கொலம்பியாவில் அரசும் ஃபார்க் கெரில்லா அமைப்பும் நான்கு ஆண்டுகள் ஹவானாவில் பேசி எழுதிய அமைதி ஒப்பந்தத்தை 2016 அக்டோபர் 2ஆம் தேதி 50.2 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். இதற்கெல்லாம் பல காரணங்கள் உண்டு, பேரவை கூட்டியிருந்தால் தேறியிருக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் மக்கள் அந்தப் பேச்சுக்குள் ஒருபோதும் இருந்ததில்லை. கடைசி நாளில் கதவைத் திறந்து கையெழுத்து மட்டும் கேட்டார்கள்.

இனி எனக்கு மனக்கசப்பு உள்ள பகுதி. கூட்டம் நன்றாகவே நடக்கும், பரிந்துரையும் வரும். அப்புறம் அது அலமாரிக்குப் போய்விடும். வட அயர்லாந்தில் புனித வெள்ளி உடன்படிக்கையின்படி 2000இல் 60 உறுப்பினர் கொண்ட குடிமை மன்றம் ஒன்று அமைந்தது. 2002இல் சட்டமன்றம் முடக்கப்பட்டபோது அதுவும் நின்றது. சட்டமன்றம் திரும்ப வந்தது, குடிமை மன்றம் திரும்பவில்லை. 2020 ஜனவரி ஒப்பந்தத்தில் ஆண்டுதோறும் குடிமக்கள் பேரவை கூட்டுவோம் என்று எழுதினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அது நடக்கவில்லை. இரு தரப்பும் சேர்ந்தே ஆட்சி நடத்தும் அதிகாரப் பகிர்வு முறையில் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த முறை இரு தரப்புத் தலைவர்களின் சம்மதத்தில் நிற்கிறது. "என் மக்கள் சார்பில் நான்தான் பேசுவேன்" என்பதே அவர்களின் பலம். மக்களே நேரடியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தால் அந்தப் பலம் கரைகிறது.

இலங்கையையும் இங்கே சொல்லியாகவேண்டும். 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள், அதாவது போருக்குப் பிறகு உண்மையும் நீதியும் தேடும் ஏற்பாடுகள் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க ஒரு செயலணி அமைத்தார்கள். மனோரி முத்தெட்டுவகம தலைவர். நாடு முழுவதும் போய் மக்களிடமும் அமைப்புகளிடமும் 7,306 கருத்துரைகளைப் பெற்றார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் எத்தனையாவது தடவையாகவோ அதே கதையைச் சொன்னார்கள். 2017 ஜனவரி 3ஆம் தேதி அறிக்கை கையளிக்கப்பட்டபோது ஜனாதிபதி வந்து வாங்கவில்லை. வெளிநாட்டு நீதிபதிகளையும் கொண்ட நீதிமன்றம் வேண்டும் என்ற அதன் முக்கியப் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. கருத்துக் கேட்பதும் கலந்து பேசுவதும் ஒன்றல்ல என்பது ஒரு பக்கம். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விடுவது, கேட்காமலே இருப்பதைவிடக் கொடுமை என்பது இன்னொரு பக்கம். அடுத்த முறை அழைத்தால் அந்தத் தாய்மார்கள் ஏன் வரவேண்டும்?

இதற்கு ஓரளவு நல்ல ஏற்பாடு பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிப் பகுதியில் உள்ளது. சுமார் 80 ஆயிரம் மக்கள் வாழும் சிறிய பகுதி, உள்ளுக்குள் பிளவும் பெரிதாக இல்லை. ஆனால் விதியைப் பாருங்கள். 2019 முதல் அங்கே 24 பேர் கொண்ட நிரந்தரக் குடிமக்கள் குழு இருக்கிறது. எதைப் பேசுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. குலுக்கலில் வந்த பேரவை பரிந்துரை கொடுத்தால் அந்தப் பகுதியின் நாடாளுமன்றம் அதை வெளிப்படையாக விவாதிக்கவேண்டும், ஏற்காவிட்டால் ஏன் என்று காரணம் சொல்லவேண்டும். ஏற்றே ஆகவேண்டும் என்றில்லை. பதில் சொல்லியாகவேண்டும், அவ்வளவுதான்.

எண்ணிக்கை விஷயத்திலும் கவனம் வேண்டும். சிறுபான்மை பத்து சதவீதம் என்றால், நேர்மையான குலுக்கலில் 50 பேரில் ஐந்து பேர்தான் வருவார்கள். மேசைக்கு ஒருவர்கூட இல்லாமல் போகலாம், இருக்கும் அந்த ஒருவரும் "உங்க ஆளுங்க ஏன் இப்படி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்துவிடுவார். 2001இல் ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகளோடு நல்லிணக்கம் பற்றி நடந்த கலந்தாய்வில் பூர்வகுடிகளை விகிதத்துக்கு மேல் சேர்த்தார்கள். அதுதான் சரி. அதேபோல, ஒரு தரப்பு உயிரோடு இருக்கலாமா, சம உரிமையோடு வாழலாமா என்பதைத் தலைப்பாக வைக்கவே கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் "நடுநிலையாகப் பேசுங்கள்" என்று சொல்வதும் கலந்தாய்வு ஆகாது. நீதிமன்றம் செய்யவேண்டியதை நீதிமன்றம்தான் செய்யவேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? இரு தரப்பும் நம்பும் ஓர் அமைப்பு கிடைக்கும்வரை தொடங்கவேண்டாம். கிடைத்த பிறகு, அழைப்புக் கடிதம் இரு மொழியிலும் போகட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும், இழக்கும் கூலியை ஈடுகட்டவும் பணம் ஒதுக்குங்கள். இல்லையென்றால் வசதியுள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். ஒருவர் எந்த மொழியில் அழுவாரோ அந்த மொழியில் பேச விடுங்கள், மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். பங்கேற்பவர்களின் படமும் பெயரும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எதிர்த்தரப்போடு உட்கார்ந்ததற்காக ஊரில் அடிவாங்கியவர்கள் உண்டு. குறைந்தது இரண்டு வார இறுதிகளாவது வேண்டும். முதல் நாள் இரவு தூங்கி எழுந்து வரும்போதுதான் பலர் நேற்றுக் கேட்டதை அசைபோட்டிருப்பார்கள். அந்தப் பெரியவரும் இரண்டாம் நாள்தான், வந்து உட்கார்ந்ததும், எதிரே இருந்த பெண்ணிடம் "உங்க பொண்ணு எந்த வகுப்பு படிக்குதும்மா?" என்று கேட்டார்.